ஒரு பைட்டில் எட்டுச் சந்தேகங்கள்

மலேசியாவின் சிகாமட்டில் நிலம் நடுங்கியது 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.13க்கு. ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தத் தேதியைத்தான் சொல்வார்கள். நில அதிர்வை ஆராய்பவர்களின் பதிவிலோ அது ஆகஸ்ட் 23, இரவு 10.13. கருவிகள் எழுதிவைக்கும் மூலப் பதிவில் மாதத்தின் பெயர்கூட இருக்காது. 2025, 235ஆம் நாள், 22 மணி 13 நிமிடம் என்று மட்டும் இருக்கும்.

இது ஏதோ அலுவலக வழக்கம் என்று தாண்டிப் போகலாம். எனக்குத் தாண்ட மனம் வரவில்லை. மலேசிய நேரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முந்தியது. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் ஏழு மணி. இந்தியாவிலும் இலங்கையிலும் ஐந்தரை மணி. ஒரே அதிர்வை நான்கு நாட்டுக் கருவிகள் பதிந்து, நான்கையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டுமானால், அவரவர் ஊர்க் கடிகாரத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஜனவரிக்கு 31, பிப்ரவரிக்கு 28 என்ற தொல்லையும் கணக்கில் நுழையக்கூடாது என்று மாதத்தையும் கழற்றிவிட்டார்கள். ஒரு நாளிலிருந்து இன்னொரு நாளைக் கழிப்பது வெறும் எண்ணிலிருந்து எண்ணைக் கழிப்பதாகிவிட்டது. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் கணினிகள் ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும்போது முதலில் வேண்டியது இந்த மாதிரி ஒத்துப்போதல்தான்.

சிதறிக் கிடக்கும் கணினிகளைச் சேர்த்து வேலை வாங்குவது என்றதும் பலரும் ஜெனீவாவிலிருக்கும் சேர்ன் ஆய்வகத்தின் கிரிட்டைத்தான் சொல்வார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் பரவிய மாபெரும் அமைப்பு அது. மும்பையும் கொல்கத்தாவும் அதில் உண்டு. மலாயா பல்கலைக்கழகமும் புத்ரா பல்கலைக்கழகமும் அந்த வகைக் கிரிட்டுகளில் தம் கணினிகளை இணைத்திருந்தன. அதன் பெருமை பெருமைதான். இருந்தாலும் அப்படிப்பட்ட கூட்டுவேலையின் தரநிலைகளை அருகில் வைத்துப் பார்க்க எனக்கு நில அதிர்வுக்காரர்களின் உலகம்தான் பிடிக்கும். ஒன்று, அது கிரிட் என்ற பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே நடக்கத் தொடங்கிய வேலை. இரண்டாவது, அது எங்கள் ஊருக்கு வந்துவிட்டது.

நிலநடுக்கம் என்றால் தீபகற்ப மலேசியாவில் நமக்குப் பழக்கமான காட்சி வேறு. சுமத்ராவில் பூமி அசையும், ஜொகூர் பாருவிலும் கோலாலம்பூரிலும் உயரமான அடுக்குமாடிகளில் விளக்கு ஆடும், ஆட்கள் படியிறங்கி ஓடுவார்கள். 2007 முதல் 2009 வரை பகாங்கின் புக்கிட் திங்கியில் சிறு சிறு நடுக்கங்கள் வந்ததை மறந்தவர்களே அதிகம். சிகாமட்காரர்கள் அஞ்சிப் பழகியது ஆற்றுக்கு. 2011 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் மழை கனத்தால் ஆற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். காலடி நிலத்தை யாரும் சந்தேகித்ததில்லை. அப்படிப்பட்ட ஊருக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டரில், ரிக்டர் வழக்கில் 4.1 அளவில், பத்து கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் அதிர்வு என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. அடுத்த சில நாள்களில் சின்னஞ்சிறு அதிர்வுகளும் தொடர்ந்தன. செய்தியில் வந்த அந்த எண்கள் எந்தப் பாதையில் பிறக்கின்றன என்று தேடிப் போனால், வழியெல்லாம் நின்று நின்று ரசிக்க வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் பழங்கதை. பூமி முழுவதும் ஒரே மாதிரிக் கருவிகளை வைத்தால்தான் பதிவுகளை ஒப்பிட முடியும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜான் மில்ன் என்ற ஆங்கிலேயர் உணர்ந்து, தம் கருவியை உலகமெங்கும் அனுப்பினார். கொடைக்கானலில் 1899இல் ஒரு நில அதிர்வு நிலையம் தொடங்கியது. 1960களில் அமெரிக்கா அறுபது நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களை ஒரே வார்ப்பில் நிறுவியபோதும் கொடைக்கானல் அதில் இருந்தது. அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்கத் தொடங்கிய திட்டம் அது. கண்டத் தட்டுகள் நகர்கின்றன என்ற கொள்கை வேரூன்ற அந்தப் பதிவுகள்தான் பெரிதும் உதவின. அப்போது ஒத்துப்போக வேண்டியவை ஊசலும் புகைப்படத் தாளும். பிறகு எண்களாகப் பதியும் காலம் வந்தது. ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு வடிவம். 1980களின் நடுவில் பல நாட்டு நிலையங்கள் சேர்ந்து எஃப்.டி.எஸ்.என். என்ற கூட்டமைப்பை அமைத்தன. 1987இல் சீட் என்ற பதிவு வடிவத்தை அது பொதுவாக ஏற்றுக்கொண்டது. இந்தக் கூட்டமைப்புக்குக் காவல்காரர் யாரும் இல்லை. மீறினால் தண்டனையும் இல்லை. ஒத்துப்போனால்தான் தம் பதிவை அடுத்தவர் படிப்பார் என்ற ஒரே காரணத்தால் எல்லாரும் ஒத்துப்போனார்கள்.

சீட்டின் இளைத்த வடிவம் மினிசீட். அன்றாடம் கம்பியில் ஓடுவது இதுதான். ஒரு பொட்டலம் பெரும்பாலும் 512 பைட். அதன் தலைப்பு 48 பைட். இந்த 48 பைட்டை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஆறு பைட், வரிசை எண். அடுத்தது ஒரே ஓர் எழுத்து: இந்தப் பதிவின் தரம் என்ன? நான்கு பதில்கள் உண்டு. டி என்றால், தரம் பார்த்தார்களா என்பதே தெரியாது. ஆர் என்றால் கைபடாத மூலம். க்யூ என்றால் சரிபார்த்தது. எம் என்றால் பலவற்றைக் கோத்தது அல்லது திருத்தியது. நேரலையாக வரும் பதிவுகள் வழக்கமாக டி போட்டே வரும். வந்ததும் வாசலில் நின்று, என்னை இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே நுழையும் தரவை வேறெங்கே பார்த்திருக்கிறோம்?

அதன் பின் நிலையத்தின் பெயர், ஐந்து எழுத்துக்குள். ஜொகூரின் கோத்தா திங்கி நிலையம் கே.ஓ.எம். ஈப்போ ஐ.பி.எம். கூலிம் கே.யூ.எம். சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் இருப்பது பி.டி.டி.எஃப். இலங்கையில் கண்டிக்குப் பக்கத்துப் பல்லேகலை பி.ஏ.எல்.கே. மூன்றெழுத்துப் பெயர் என்றால் மீதி இரண்டு இடத்தை வெற்றிடமாக விட வேண்டும், அதுவும் வலப்பக்கத்தில். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரும் சுருக்கக்கூடாது. ஒவ்வொரு தகவலும் எப்போதும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் முப்பது ஆண்டுக்கு முந்தைய பதிவையும் இன்று எழுதிய நிரல் தடுமாறாமல் படிக்கும். நிலையத்தின் பெயரோடு அது சேர்ந்த வலைப்பின்னலின் ஈரெழுத்துக் குறியும் வரும். மலேசியாவுக்கு எம்.ஒய்., சிங்கப்பூருக்கு எம்.எஸ்., இந்தோனேசிய வானிலைத் துறைக்கு ஐ.ஏ.

மூன்றெழுத்துத் தடக் குறிதான் இவற்றில் மிக அழகு. பி.எச்.இசட். என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து, விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது, எவ்வளவு மெதுவான அசைவு வரை உணர்கிறது என்பதைச் சொல்லும். இரண்டாவது எழுத்து கருவியின் வகை. எச் என்றால் நுண்ணிய அதிர்வுமானி, என் என்றால் பலத்த குலுக்கலை அளக்கும் முடுக்கமானி. மூன்றாவது திசை. இசட் என்றால் மேலும் கீழும், என் என்றால் வடக்கு தெற்கு, இ என்றால் கிழக்கு மேற்கு. இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கருவியை மண்ணில் பதித்தவர் அதை உண்மையான வடக்கிலிருந்து ஐந்து பாகைக்குள் நிறுத்தியிருந்தால்தான் என், இ என்ற எழுத்துகளைப் போடலாம். அதற்கு மேல் திரும்பியிருந்தால் 1, 2 என்று எண் போட வேண்டும். கிணறு போல ஆழமாகத் தோண்டிக் கருவியை இறக்குகிறவர்களுக்கு அடியில் அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று துல்லியமாகத் திருப்பி வைக்க முடியாது. முடியாததை மறைக்கச் சொல்லாமல், முடியவில்லை என்று சொல்வதற்கு ஓர் எழுத்தையே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டால், எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பதை நிலையத்தின் விவரக்கோப்பிலிருந்து எடுத்து, படிப்பவர் கணக்கில் நேராக்கிக்கொள்வார்.

அடுத்து நேரம், பத்து பைட். ஆண்டு, நாள், மணி, நிமிடம், விநாடி, பிறகு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த ஆண்டு எண்ணுக்கு எழுதாத ஒரு வேலையும் இருக்கிறது. இரண்டு பைட் எண்ணைச் சில கணினிகள் பெரிய பாதியை முதலில் எழுதும், சில சிறிய பாதியை. வந்த பொட்டலம் எந்த வகைக் கணினியிலிருந்து வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? படிக்கும் நிரல் ஆண்டைப் பார்க்கும். 2025ஐ இரண்டு பைட்டில் எழுதினால் 7, 233. ஏழை 256ஆல் பெருக்கி 233ஐக் கூட்டினால் 2025. பைட்டுகளைத் தலைகீழாகப் படித்துவிட்டால் 59655. அப்படி ஓர் ஆண்டில் யாரும் நில அதிர்வைப் பதிந்திருக்க முடியாது. ஆகவே பொட்டலம் மறுமுறையில் எழுதப்பட்டது, திருப்பிப் போட்டுப் படி என்று நிரல் முடிவு செய்துகொள்ளும். நேரத்தைச் சொல்ல வைத்த எண்ணே, தன்னை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. எனக்கு இது கைத்தறிச் சேலையின் முந்தானை மடிப்புக்கு உள்ளே தெரியாமல் போட்ட நல்ல தையல் மாதிரி தோன்றுகிறது.

இனி மூன்று கொடிப் பைட்டுகள். ஒரு பைட்டில் எட்டு பிட், ஒவ்வொன்றும் ஆம், இல்லை. மூன்றில் ஒன்று முழுக்க முழுக்கச் சந்தேகங்களுக்கே. மிகைப்பி தாங்காமல் திணறியதா? எண்ணாக்கும் கருவியின் உச்சவரம்பில் அலை வெட்டுப்பட்டதா? திடீர்க் கூர்முனை ஏதாவது தெரிந்ததா? தடுமாற்றம் உண்டா? இடையில் அளவீடுகள் காணாமல்போய் நிரப்பி வைத்திருக்கிறதா? தொலைத்தொடர்பு பிசகியதா? வடிகட்டி இன்னும் நிலைப்படாமல் இருக்கிறதா? கடைசியாக, இந்த நேரமுத்திரையே சந்தேகத்துக்குரியதா? எட்டுக் கேள்விக்கும் விடை சொன்ன பிறகுதான் பொட்டலம் புறப்படும். எந்தக் கேள்விக்கும் ஆம் என்று சொன்னதால் பொட்டலத்தை யாரும் தூக்கி எறிவதில்லை. வெட்டுப்பட்ட அலையில் உயரம் பொய், வந்து சேர்ந்த நேரம் மெய். நேரம் சந்தேகமான பதிவில் நேரம் உதவாது, அலையின் உருவம் உதவும். எது கெட்டது என்று தெரிந்தால் கெடாததை எடுத்துக்கொள்ளலாம். குறையைத் தன்னோடு சுமந்து வருகிற தரவை ஆயிரம் மைலுக்கு அப்பால் முகமறியாத ஒருவர் நம்பிக் கையாள முடிகிறது. நல்ல தரநிலைக்கு நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்.

கடிகாரத்தைப் பற்றி இவர்கள் படும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். தலைப்பில் நான்கு பைட், கடிகாரம் எவ்வளவு பிசகியது என்ற திருத்தத்துக்கு. பக்கத்தில் கொடிகளில் ஒரு பிட், அந்தத் திருத்தத்தை நேரத்தில் ஏற்கெனவே சேர்த்தாயிற்றா இல்லையா என்று சொல்ல. இந்த ஒரு பிட் இல்லாவிட்டால் நடப்பதை யோசித்துப் பாருங்கள். பதிவு கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் பொறுப்பாகத் திருத்தம் செய்வார். மூன்று கை மாறினால் மூன்று முறை. இன்னொரு பிட், இந்தப் பொட்டலத்துக்குள் 61 விநாடி கொண்ட நிமிடம் ஒன்று வந்துபோனதா என்று சொல்லும். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக அவ்வப்போது உலகக் கடிகாரத்தில் ஒரு விநாடியைச் சேர்க்கிறார்களே, அதற்காக. 59 விநாடி நிமிடத்துக்கும் ஒரு பிட் உண்டு. அப்படி ஒரு நிமிடம் இதுவரை உலகக் கடிகாரத்தில் வந்ததே இல்லை. வந்தால் உட்கார ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு அக்கறை ஏன் என்பதற்குச் சிகாமட்டையே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். இங்கிருந்து கோத்தா திங்கி நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். முதலில் வரும் அழுத்த அலை பாறையில் விநாடிக்கு ஆறு கிலோமீட்டர் போல ஓடும். அப்படியானால் சிகாமட்டில் பிறந்த அலை அங்கே போய்த் தட்ட 23, 24 விநாடி ஆகும். இரண்டாவதாக வரும் குறுக்கலை அதைவிட மெதுவானது, 17 விநாடி போலப் பிந்தி வரும். இரண்டுக்கும் இடையிலுள்ள விநாடியை எட்டால் பெருக்கினால் தூரம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும் என்பது இத்துறையில் கைக்கணக்கு. இப்போது அந்த நிலையத்தின் கடிகாரம் ஒரே ஒரு விநாடி தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கிலோமீட்டர் பிசகு. ஊருக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர் என்று அறிவித்தார்களே, அந்த ஐந்தைவிடப் பெரிய பிசகு. செம்பனைத் தோட்டத்துக்கு அடியில் பிறந்த அதிர்வு பட்டணத்து ரயில் நிலையத்துக்கு அடியில் வந்து நிற்கும். பல நிலையங்கள் சேரும்போது ஒன்றின் தவறு கரையும் என்பது உண்மை. நிலையங்கள் நெருக்கமாக இல்லாத நாட்டில் அவ்வளவாகக் கரையாது.

அளவீடுகளைச் சுருக்கும் முறைக்கு வருவோம். ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்த ஜோசப் ஸ்டெய்ம் வகுத்தது, அவர் பெயராலேயே வழங்குகிறது. அமைதியான பூமியில் ஓர் அளவீட்டுக்கும் அடுத்த அளவீட்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. ஆகவே முழு எண்ணை எழுதாமல் வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறார்கள். வித்தியாசம் சின்னதானால் நான்கு பிட்டே போதும், 32 பிட் சொல் ஒன்றில் ஏழு அளவீடுகள் அடங்கும். கொஞ்சம் பெரிதானால் ஐந்து பிட் வீதம் ஆறு, அப்புறம் ஆறு பிட் வீதம் ஐந்து, இப்படியே போய்க் கடைசியில் முப்பது பிட்டில் ஒன்று. எந்தச் சொல்லில் எப்படி அடுக்கியிருக்கிறது என்பதை ஒவ்வொரு 64 பைட் சட்டத்தின் முதல் சொல் இரண்டிரண்டு பிட்டாகவும், தேவையான இடத்தில் அந்தந்தச் சொல்லின் முதல் இரண்டு பிட்டும் சேர்ந்து சொல்லிவிடும்.

வித்தியாசங்களை மட்டும் வைத்தால் ஓர் ஆபத்து உண்டு. நடுவில் ஒரு பிட் கெட்டால் அதன் பின் வரும் எல்லாமே சரிந்துவிடும். ஸ்டெய்ம் இதற்கு முதல் சட்டத்தில் இரண்டு சொற்களை ஒதுக்கினார். ஒன்றில் பொட்டலத்தின் முதல் அளவீடு முழு எண்ணாக. மற்றதில் கடைசி அளவீடு முழு எண்ணாக. பிரிக்கும்போது முதல் எண்ணில் தொடங்கி வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போய், முடிவில் கிடைப்பது கடைசி எண்ணோடு ஒத்தால் இடையில் எல்லாம் நலம். ஒக்காவிட்டால் பொட்டலத்துக்குள் எங்கோ சேதம். முதல் எண் இல்லாமல் கூட்ட முடியாது, அது தேவையால் வந்தது. கடைசி எண் முழுக்க முழுக்க எச்சரிக்கையால் வந்தது. எத்தனை சிக்கனமாக இருந்தாலும் அந்த நான்கு பைட்டை விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தச் சுருக்கத்தால் நேரும் ஒன்றை எழுத்தில் யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை, தானாக விளைந்தது. 512இல் தலைப்பும் உடன்குறிப்புகளும் 64 பைட் எடுத்துக்கொள்ள, ஏழு சட்டங்கள் மிஞ்சும். முதல் சட்டத்தின் இரண்டு சொற்களையும் கட்டுப்பாட்டுச் சொற்களையும் கழித்தால் 103 சொல். பூமி தூங்கும்போது சொல்லுக்கு ஏழு வீதம் 721 அளவீடுகள் வரை ஒரு பொட்டலத்தில் கொள்ளும். விநாடிக்கு நூறு முறை அளக்கும் கருவியானால் ஏழு விநாடிக்கு ஒரு பொட்டலம். அதிர்வு வந்ததும் வித்தியாசங்கள் பெருகும். சொல்லுக்கு இரண்டே என்றானால் 206 அளவீட்டில் பொட்டலம் நிரம்பிவிடும், இரண்டு விநாடிக்கு ஒன்றாகக் கிளம்பும். உள்ளே இருப்பதை ஒரு பிட்கூடப் பிரித்துப் பார்க்காமல், பொட்டலங்கள் வரும் வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் ஏதோ நடக்கிறது என்று புரியும். அவசர வேளையில் பதிவு தானாகவே சீக்கிரம் சீக்கிரமாக வந்து சேர்கிறது என்பது எவ்வளவு பெரிய உபகாரம்.

பொட்டலங்களைக் கொண்டு சேர்ப்பது சீட்லிங்க் என்ற நெறிமுறை. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்து ஆய்வு மையத்தின் வழியே பரவியது. கேட்கும் கணினி முதலில் ஹலோ என்கிறது. பிறகு எந்த நிலையம், எந்தத் தடம் என்று சொல்கிறது. அதன்பின் பொட்டலங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் எட்டு பைட் ஒட்டு, அதில் ஆறு இலக்கத்தில் ஒரு தொடர் எண். இணைப்பு அறுந்தால், மறுபடி வரும் கணினி தன்னிடம் கடைசியாக வந்த எண்ணைச் சொல்லி அதிலிருந்து கேட்கும். யார் யார் எதுவரை வாங்கினார்கள் என்று அனுப்பும் பக்கம் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. வாங்குபவர் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு நிலையத்திலிருந்து பத்துப் பேர் வாங்கினாலும் நூறு பேர் வாங்கினாலும் அனுப்பும் கணினிக்கு நினைவுச் சுமை ஏறுவதில்லை. நூறில் ஒருவர் ஊரில் மழை பெய்து கம்பி அறுந்தால் மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கு அதன் வாடைகூடப் படாது.

பழைய பதிவைக் கேட்டு வாங்குவதற்கு வேறு வழி, எந்த நாட்டு மையத்திலும் ஒரே மாதிரி முகவரி அமைப்பு, ஒரே மாதிரிக் கேள்வி. அதில் ஒரு நுணுக்கம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் கேட்ட நேரத்தில் அந்த நிலையத்தில் பதிவே இல்லை என்றால் சர்வர் 204 என்று பதில் தரும். தவறு நேர்ந்தது என்பதற்கான எண்கள் வேறு. உங்கள் கேள்வி சரி, என்னிடம் அது இல்லை என்பதற்கு மட்டும் இந்த எண். தவறாகக் கேட்டதற்கும் சரியாகக் கேட்டு இல்லாமல்போனதற்கும் நடுவில் கோடு போட்டிருப்பதால், பல மையங்களை வரிசையாகத் தட்டும் நிரல் 204 வந்ததும் கலங்காமல் அடுத்த வாசலுக்குப் போய்விடும்.

பதிவுகள் வந்து சேர்ந்தபின் ஒரே நிலையம் கத்தினால் யாரும் நிலநடுக்கம் என்று ஒப்புக்கொள்வதில்லை. பக்கத்தில் கனமான லோரி போயிருக்கலாம், கல்லுடைக்கும் இடத்தில் வெடி வைத்திருக்கலாம். ஒவ்வொரு நிலையத்தின் அலையிலும் கடைசிச் சில விநாடிகளின் சராசரி, அதற்கு முந்தைய நெடுநேரச் சராசரியைவிட எத்தனை மடங்கு என்று கணினி பார்த்துக்கொண்டே இருக்கும். மடங்கு ஏறினால் வருகை என்று குறிக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், பிறந்த நேரம் என்று தெரியாதவை நான்கு. ஆகவே குறைந்தது நான்கு வருகைகள் வேண்டும். நடைமுறையில் அதற்கு மேலும் கேட்பார்கள். அந்த வருகைகள் அனைத்தும் ஒரே இடத்திலிருந்து ஒரே நொடியில் கிளம்பியவை என்று ஒத்துக்கொண்டால்தான் அது நிலநடுக்கம். 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினத்துக்கும் இலங்கைக் கிழக்குக் கரைக்கும் சுனாமி அலை வந்து சேர மணிக்கணக்கில் நேரம் இருந்தது. மலேசியாவிலும் 68 பேர் போனார்கள். அதன் பிறகுதான் இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகள் நிலையங்களைப் பெருக்கி, பதிவை நேரலையில் பகிர முனைந்தன. போட்ஸ்டாமின் கணிப்பு மென்பொருள் அந்தப் பேரழிவுக்குப் பிந்தைய எச்சரிக்கைத் திட்டத்துக்காகவே புதிதாக வளர்த்தெடுக்கப்பட்டது. பைட் பைட்டாக நான் சிலாகித்த இந்தப் பழக்கங்களுக்குப் பின்னால் அத்தனை உயிர்கள் இருக்கின்றன.

முடிவை எழுதும் வடிவத்துக்குக் குவேக்எம்.எல். என்று பெயர். இங்கேயும் அதே குணம். அட்சரேகை, ஆழம் போன்ற அளவுகளுக்குப் பக்கத்தில் அதன் நிச்சயமின்மை எவ்வளவு என்று எழுத இடம் உண்டு. கணினி தானாகக் கணித்ததா, ஆள் உட்கார்ந்து பார்த்ததா என்று ஒரு கட்டம். முதல் கணிப்பா, மறுபார்வை ஆனதா, கடைசியா, கைவிடப்பட்டதா என்று ஒரு கட்டம். ஆழத்துக்குத் தனியாக ஒரு கட்டம்: கணக்கில் கிடைத்ததா, கணிப்பவர் தாமாக வைத்ததா? நிலையம் அதிர்வுக்குக் கிட்டத்தில் இல்லாவிட்டால் ஆழம் கணக்கில் நிற்காமல் வழுக்கும். அப்போது உலகின் பல மையங்கள் மேலோட்டு அதிர்வுக்குப் பத்து கிலோமீட்டர் என்று நிறுத்திவைத்து மற்ற மூன்றையும் கணிப்பது வழக்கம். ஆகவே எந்த நிலநடுக்கச் செய்தியிலும் ஆழம் சரியாகப் பத்து என்று கண்டால், அது அளந்த பத்தா, வைத்த பத்தா என்று அந்தக் கட்டத்தைப் போய்ப் பார்ப்பது நல்லது.

ஒரே அதிர்வுக்கு இரண்டு மையங்கள் இரண்டு இடம், இரண்டு அளவு சொல்வது சாதாரணம். குவேக்எம்.எல். இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஒன்றை விரும்பியது என்று குறிக்கலாம், மற்றதை அழிக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றோடும் எத்தனை நிலையங்கள் சேர்ந்தன, மிக அருகில் இருந்தது எவ்வளவு தூரம், நிலையமே இல்லாத திசைகளில் மிகப் பெரிய இடைவெளி எத்தனை பாகை என்ற விவரங்கள் வரும். இந்தக் கடைசி எண்ணைச் சிகாமட் போன்ற ஊருக்குக் கவனித்துப் பார்க்க வேண்டும். தீபகற்பம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒடுங்கிக் கிடக்கிறது, நிலையங்களும் அந்த ஒடுக்கத்திலேதான். மேற்குப் பக்கத்து இடைவெளியைச் சுமத்ராவின் இந்தோனேசிய நிலையங்கள் மூட முடியும், ஏனென்றால் அவற்றின் பொட்டலத்திலும் இதே 48 பைட் தலைப்பு. கிழக்கே தென் சீனக் கடல், கருவி பதிக்க நிலம் குறைவு. அந்தப் பக்கத்து இடைவெளி அகலமாகவே இருக்கும். எத்தனை பாகை என்று அதையும் எழுதித்தான் கணிப்பை வெளியே அனுப்புகிறார்கள்.